தாராளமாப் பாருங்க

"அதுக்கென்னுங்க, தாராளமாப் பாருங்க." காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவிலுள்ள ஒரு தோட்டத்தில், வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு பெரியவர் சொன்ன சொல் இது. 2019 தை மாதம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. அவருடைய பூமியில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் வந்துவிட்டது. ஒருவருடைய நிலத்தில் கால் வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்ற முறையை நான் மீறவில்லை. நேரில் சென்றேன், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன், சுற்றி வளைக்காமல் கேட்டேன். அப்படியிருந்தும் அந்தச் சம்மதம் இத்தனை ஆண்டுகளாக என் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. அதை எழுதித் தீர்க்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஊசி தேடிய பழக்கம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 23 ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஏற்றுமதித் துணிகளைப் பெட்டியில் போடும் முன் அவற்றை நீடில் டிடெக்டர் என்னும் எந்திரத்தின் வழியே அனுப்ப வேண்டும். தைக்கும்போது உடைந்த ஊசியின் முனை ஒரு குழந்தையின் சட்டைக்குள் தங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் அந்தப் பெண் கையைத் தூக்க வேண்டும், மெஷின் நிற்கும், காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையிலும் மேசையிலும் துணிமடிப்பிலும் துண்டுகளைத் தேடுவோம். கிடைத்த துண்டுகளை வெள்ளைத் தாளில் வைத்துப் பொருத்தி, ஊசி முழுமையாகச் சேர்ந்துவிட்டதென்று கண்ணால் கண்ட பிறகு, டேப் ஒட்டிப் பதிவேட்டில் நாளும் மணியும் எழுதிக் கையெழுத்திட்டால்தான் புது ஊசி கொடுப்போம். ஒரு முனை குறைந்தாலும் அந்தக் கட்டுத் துணி முழுவதையும் தனியே ஒதுக்கிவைப்போம். அரிசியின் குறுநொய் அளவு இரும்புக்காக முப்பது பேர் கைவேலையை நிறுத்திக் காத்திருந்த பொழுதுகள் உண்டு. மறைந்து கிடக்கும் உலோகம் கருவிக்குப் பதில் சொல்லும் அந்த ஒலியின் மேல் எனக்கு ஆசை வந்தது அங்கேதான்.

அந்த ஆசைதான் 2018இல் ஒரு கை டிடெக்டரை வாங்க வைத்தது. கீழே தட்டுப்போல இருக்கும் காயிலில் மின்சாரம் ஓடி மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது; அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்னோட்டம் சுழன்று தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்புகிறது; அந்தப் பதிலைக் கருவி ஒலியாக்கித் தருகிறது. ஒரு காசு என்றால் ஒரு சாண் ஆழம் வரைக்கும் கேட்கும், அதற்குக் கீழே கேட்காது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு கலந்திருப்பதால் கருவி ஓயாமல் முனகும்; முதலில் அதை அந்த மண்ணுக்குப் பழக்க வேண்டும். நூறடி ஆழத்துத் தங்கத்தைக் காட்டும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்கப்படும் கருவிகள் அனைத்தும் பொய். இரிடியம் என்றும் அரிசியை இழுக்கும் செம்பென்றும் சொல்லி வீட்டையும் காட்டையும் விற்க வைத்த கூட்டத்தாரின் கையிலும் இப்படியான எந்திரங்கள்தான் இருந்தன. ஒரு கருவியோடு தோட்டத்துப் படலைத் திறந்துகொண்டு வருகிறவனைப் பார்த்ததும் வயதான விவசாயி ஒருவர் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு முழு நியாயம் உண்டு.

நான் எதைத் தேடிப் போனேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழைய காசு. நொய்யல் கரையில் பிறந்த யாருக்கும் அந்த ஆசையின் வேர் புரியும். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுகிற கொடுமணல் நொய்யலின் வடகரையில் இருக்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது மணிகள் செய்த தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலையும், பெயர் பொறித்த பானை ஓடுகளும் வெளிவந்தன. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து சேரர் காசுகள் வந்தன. மாக்கோதை என்று தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த காசும் அவற்றுள் ஒன்று. இந்த மண்ணில் நடந்தவர்கள் தவறவிட்ட ஒன்றையாவது என் கையால் தொட வேண்டும் என்று நினைத்தேன். விற்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் விற்கும் எண்ணம் இல்லை என்பதாலேயே ஒரு செயல் சரியாகிவிடும் என்று அன்று நம்பியது என் பிழை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

அந்தப் பெரியவரின் மகன் என் பிரிவில் லைன் சூப்பர்வைசராக இருந்தான். ஆற்றிலிருந்து சில மைல் தள்ளித் தோட்டம் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னான். "ஒருநாள் கூட்டிக்கொண்டு போடா" என்றேன். "வாங்க சார்" என்றான். அவனுடைய சம்பள உயர்வுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவன் நான் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவே இல்லை. அவனுக்கு அது நினைவில் இல்லாமல் இருந்திருக்குமா என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன்.

தோட்டத்தை ஒட்டி மேய்ச்சல் நிலமான கொறங்காடு. கிளுவை வேலி அடர்ந்து நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நான்கைந்து வெள்வேல மரங்களும். மூங்கில் படல் ஒன்றே வழி. பெரியவர் படலைத் தூக்கி நகர்த்திவிட்டு முன்னால் நடந்தார். எங்கெங்கே மாடு கட்டுவார்கள், எங்கே முன்பு களம் இருந்தது, எந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். அவருடைய மனைவி வீட்டு முன்கூடமான ஆசாரத்தின் கதவு நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மோர் கொடுத்ததும் அவர்தான். நான் கேட்டபோதும் அங்கேதான் நின்றார். கணவர் தாராளமாப் பாருங்க என்றதும் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேடினேன். கிடைத்தவை: சோடா மூடிகள், மாத்திரைப் பட்டையின் தகடு, ஏர்க்கொழுவின் முனை ஒன்று, ஓரம் நெளிநெளியாக இருக்கும் பத்துப் பைசா அலுமினியக் காசு இரண்டு, காளையின் லாடம் பாதி. லாடத்தை மட்டும் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்தார். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் லாடம் இரண்டு பாதியாகத்தான் அடிப்பார்கள். இது வெளிப்பாதி, நடந்து நடந்து ஒரு பக்கம் தாள்போலத் தேய்ந்திருந்தது, ஆணித் துளைகளில் ஒன்று கிழிந்திருந்தது. தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவி, "இது வலத்தான் மாட்டோடதுங்க, அது காலை வெளிய போட்டு நடக்கும்" என்றார். மாடு செத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலை செய்யத்தக்கது என்று அன்று மாலை வீட்டில் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு, நிலத்தின் எல்லையான பொழியோரமாகத் தேடினேன். பொழிக்கல்லுக்கு இரண்டடி தள்ளிக் கருவி தெளிவாக ஒலித்தது. மண்டியிட்டுக் களைக்கொத்தால் மண்ணைச் சுரண்டினேன். துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று வந்தது. நிமிர்ந்தபோது பொழிக்கு அந்தப் பக்கம் டி.வி.எஸ். வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, நாற்பது வயது இருக்கும். நான் தலையசைத்தேன். அவர் அசைக்கவில்லை. என்னையும், காதிலிருந்த ஹெட்போனையும், தோண்டிய குழியையும், கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் தூரத்திலிருந்து கையை உயர்த்தி ஏதோ சொன்னார். வண்டி கிளம்பிப் போய்விட்டது. "யாருங்க அது?" என்று கேட்டேன். "எங்கண்ணன் பையனுங்க" என்றார். நான் குழியை மூடி, மேல்மண்ணை மேலே வருகிற மாதிரி காலால் அழுத்திவிட்டுக் கிளம்பினேன். வழக்கம்போல ஒரு பை முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார்.

பந்தியில் கேட்ட செய்தி

2021 ஆவணியில் அந்தப் பெரியவரின் மகனுக்குக் கல்யாணம். மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் சீர் நடக்கும்போது பங்காளிகள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெறுமை இருந்தது. வேறு யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. எங்கள் ஊர்க் கல்யாணங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தெரியும். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளையின் மாமன் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். பெரியப்பன் வீட்டார் யாரையும் காணோமே என்றேன். என்னை யாரென்று அறியாமல் அவர் சொன்னார்: "அவிய போக்குவரத்து நின்னு ரெண்டு வருசமாச்சுங்க. எவனோ கம்பெனிக்காரனைக் கூட்டியாந்து மெசின் வெச்சுப் பொதையல் எடுத்தாங்கன்னு சண்டைங்க. எல்லைக் கல்லையே தோண்டிப் பாத்தாங்களாம்."

கை கழுவிய தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு, மறுவீடெல்லாம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய வாரத்தில், தனியாக அழைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை சார் என்றான். இரண்டாம் முறை கேட்டபோதுதான் சொன்னான். பூமி இன்னும் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்துக்கொண்டு முப்பது ஆண்டுகளாக ஆளுக்கொரு பக்கம் வெள்ளாமை செய்கிறார்கள். கிணறு ஒன்றுதான், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பெரியப்பா இறந்த பிறகு அவர் மகனுக்கும் இவர்களுக்கும் ஏற்கெனவே உரசல். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெளியாள் எந்திரத்தோடு மண்டியிட்டுத் தோண்டுவதைக் கண்ணால் கண்டபின் அது வெடித்துவிட்டது. ரகசியமாக அளந்து கல்லை நகர்த்தப் பார்த்தார்கள் என்று ஒரு பேச்சு. கிடைத்ததைப் பங்கு கொடுக்காமல் விழுங்கிவிட்டார்கள் என்று மற்றொரு பேச்சு. மனு போனது. கிராம நிர்வாக அலுவலர் இரண்டு முறை வந்து விசாரித்தார். மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு விழுந்தது. ஒரு கோடை முழுவதும் முறைத் தண்ணீர் கிடைக்காமல் அரை ஏக்கர் தென்னம்பிள்ளை காய்ந்தது. "உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாருங்க சார்" என்றான். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் நான்கைந்து தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மோர் வந்தது. ஒவ்வொரு முறையும் முருங்கைக்காயோ தேங்காயோ பையில் விழுந்தது.

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போன காட்சிதான். என் கேள்விக்கு அந்த வீட்டில் இரண்டு பதில்கள் இருந்திருக்கின்றன. விருந்தாளிக்கு முன்னால் சொல்லக்கூடியதை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

யாரிடம், எதை

எங்கள் பக்கத்தில் வாசல் ஏறி வந்தவரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லும் வழக்கம் இல்லை. பாக்கலாமுங்க என்பார்கள். பையன் வரட்டுமுங்க, நோம்பி முடியட்டுமுங்க, ஈரம் காயட்டுமுங்க என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை மறுப்பு. அதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர் எழுந்து, சொல்லிப்போட்டு வாரனுங்க என்று கிளம்பிவிடுவார். இரண்டு பேர் மரியாதைக்கும் பழுது வராது. ஆனால் வந்தவர் மகனுக்கு மேலதிகாரி என்றால் அந்தச் சிறு மறுப்புக்குக்கூட இடமில்லாமல் போய்விடுகிறது. அப்போது மிச்சமிருப்பது அதுக்கென்னுங்க என்ற ஒரு சொல்தான். அது கேள்விக்கான விடை அல்ல. வந்த ஆளுக்குப் போடும் பாய். நான் பாயைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். நேரில் போய்க் கேட்டதை என் நேர்மைக்குச் சாட்சியாக நினைத்திருந்தேன்; உண்மையில் நேரில் போனதாலேயே அவருக்கு மறுக்கும் வழியை அடைத்துவிட்டேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

அதோடு, அவர் ஒருவரால் கொடுக்கக்கூடியதையா நான் கேட்டேன்? 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு என்று எழுதி, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். உரியவர் யாரும் இல்லையென்று தீர்மானமானால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முக்கால் பங்கு கண்டவருக்கும் கால் பங்கு நிலத்துக்காரருக்கும் என்று அந்தச் சட்டம் பிரிக்கிறது. மறைத்தால் கண்டவருக்கு ஓராண்டு வரை சிறை. துணைபோன நிலத்துக்காரருக்கும் ஆறு மாதம் வரை உண்டு. நூறாண்டு பழமையான பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் வந்து சேரும். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டுமானத்துக்கே தடை உண்டு. இவற்றில் ஒன்றையும் நான் அந்தப் பெரியவரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அன்று நானே படித்திருக்கவில்லை. ஒருவேளை அந்தக் கொறங்காட்டில் நான் ஆசைப்பட்ட காசு கிடைத்திருந்தால், எழுபது வயதில் அவரை ஆட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வைத்திருப்பேன். அல்லது இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு குற்றவாளிகளாகியிருப்போம். என்ன கேட்கிறோம் என்று கேட்கிறவனுக்கே தெரியாதபோது கிடைத்த சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

இங்கிலாந்தில் இது வேறு மாதிரி நடக்கிறது. அங்கே நிலத்துக்காரரின் அனுமதி இருந்தால் பொழுதுபோக்காகத் தேடலாம். கிடைப்பதை எப்படிப் பகிர்வது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்கிறார்கள். புதையல் என்றால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரிவித்தாக வேண்டும். 1992இல் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்னே என்ற ஊரில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டு, டிடெக்டர் வைத்திருந்த நண்பரைத் தேடித்தரச் சொன்னார். சுத்தியலைத் தேடப்போன இடத்தில் ஏறக்குறைய 15,000 ரோமானியக் காசுகள் கிடந்தன. அந்த நண்பர் சிறிது தோண்டியதுமே நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். அதனால்தான் ஆய்வாளர்கள் வந்து, பொருள்கள் பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்த வரிசை கலையாமல் எடுக்க முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அங்கே எனக்குப் பெரிதாகத் தெரிவது காசுகளின் எண்ணிக்கை அல்ல, அந்த மனிதர் கையை நிறுத்திய இடம். ஒரு காசு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வயதையும் அது வந்த வழியையும் சொல்லும். அதைப் பிடுங்கி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் வெறும் உலோகம்தான் மிஞ்சும். கொடுமணலில் ஆண்டுக்கணக்காக மண்ணைத் தூரிகையால் தள்ளித் தள்ளி வேலை செய்தவர்களின் பொறுமையை நினைத்தால், களைக்கொத்தோடு நான் மண்டியிட்டிருந்ததைச் சரி என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. பழங்காசு தேடுவதை, கல்யாணத்தில் அந்தச் செய்தியைக் கேட்ட ஆண்டோடு விட்டுவிட்டேன்.

வெங்காயக் காடு

கருவியை விற்கவில்லை. தொலைத்தவர்கள் கேட்டால் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். மோதிரம், தாலிக்குண்டு, கொலுசுத் திருகு, ஒரு தடவை டிராக்டர் சாவி. இதற்கும் நிலத்துக்காரரிடம் கேட்டாக வேண்டும், ஏனென்றால் தொலைத்தவர் வேறு, பூமிக்காரர் வேறு. சென்ற ஆண்டு பல்லடம் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களையெடுக்கப் போன ஒரு பெண்ணின் தோடு விழுந்துவிட்டது. மூன்று கிராம்கூட இருக்காது. அவளுக்கு அது பல மாதக் கூலி. யார் யாரையோ பிடித்து என் எண்ணை வாங்கிப் பேசினாள். "காட்டுக்காரம்மாகிட்ட நீங்களே கேட்டுருங்கண்ணா, எனக்குக் கேக்கப் பயமா இருக்குது" என்றாள்.

நான் நேரில் போகவில்லை. முதலில் போனில் பேசினேன். யார் நான், எதற்கு, எந்தப் பாத்திகள், எத்தனை விரல் ஆழம் என்று சொன்னேன். தோட்டைத் தவிர எது வந்தாலும் அங்கேயே வைத்துவிடுவேன், பழைய பொருள்போல ஒன்று தென்பட்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டு கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லிவிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். பூமியில் வேறு யாருக்காவது பாத்தியதை இருக்கிறதா, பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். இன்றைக்கே பதில் வேண்டாம், வேண்டாமென்று தோன்றினால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் போதும், நான் மறுபடி கூப்பிட மாட்டேன் என்று முடித்தேன். அந்த அம்மாள் கணவனை இழந்தவர், தனியாக நாலரை ஏக்கர் பார்க்கிறார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "காயி பருவத்துல இருக்குதுங்க, மிதிபடும். இப்ப வேண்டாமுங்க." அந்தப் பெண் போனில் அழுதாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் மனத்தின் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது. ஒருவர் என்னிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்வதற்கு அவருக்கு இடம் இருந்திருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். வெங்காயம் பிடுங்கியாகிவிட்டது, உழுவதற்கு முன்னால் வந்துவிடுங்கள் என்றார். போனபோது வரப்பில் நான்கு பேர் நின்றார்கள்: அந்த அம்மாள், ஈரோட்டிலிருந்து வந்திருந்த அவருடைய கொழுந்தனார், பக்கத்துக் காட்டுக்காரர், தோட்டுக்காரப் பெண். அந்த அம்மாள்தான் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். ஒரு துண்டை வரப்பில் விரித்து, மண்ணிலிருந்து எது வந்தாலும் அதன்மேல் போட்டுக்கொண்டே போனேன். பூச்சிமருந்துப் பாக்கெட்டின் தகடு, கம்பித் துண்டு, மூடி, ஆணி. வாய்க்கால் கரையோரம் ஆறாவது பாத்தியில் மெல்லிய ஒலி ஒன்று. உள்ளங்கை அளவு மண்ணை அள்ளிப் பிளந்து பார்த்தேன், இல்லை. மறு கையில் இருந்த மண்ணைக் காயிலின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். ஒரு கட்டி விழுந்தபோது ஒலித்தது. அதை விரலால் நசுக்கினால், காய்ந்த வெங்காயச் சருகு ஒன்று சுற்றிக்கொண்டு, செம்மண் அப்பிய தோடு. திருகு இல்லை. திருகைத் தேட இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாளே பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைச் சலித்தார். பக்கத்துக் காட்டுக்காரர் கிளம்பும் முன் துண்டில் கிடந்ததையெல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, சரிங்க என்று சொல்லிப் போனார். அவர் புரட்டிப் பார்த்தது எனக்குச் சிறிதும் குறையாகப் படவில்லை.

படல்

அந்தத் தோடு கிடைத்த வாரத்தில்தான், இத்தனை நாள் தள்ளிப்போட்டதைச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்த பொருள்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஊசித் துண்டுகளைப் பதிவேட்டில் ஒட்டிய பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நாளும் இடமும் எழுதிய சீட்டு உண்டு. பொழிக்கல் பக்கத்தில் எடுத்த கம்பித் துண்டும் அதில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அந்த அண்ணன் மகனிடம் காட்டி, நடந்தது இவ்வளவுதான், தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். வேலையிலிருந்து நான் விலகி ஓராண்டு ஆகிவிட்டது. அந்தப் பையனும் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான். இப்போது அந்த வீட்டுக்கு நான் யாருடைய மேலதிகாரியும் இல்லை.

இந்தமுறை முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனேன். பெரியவர் நன்றாகத் தளர்ந்திருந்தார். மோர் வந்தது. கொண்டுவந்த அம்மாளை உட்காரச் சொன்னேன், திண்ணையோரம் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து வைத்து, இரண்டு பேரையும் பார்த்து, பங்காளி வீட்டுக்குப் போய் நான் பேச விரும்புகிறேன், உங்கள் இருவருக்கும் சம்மதமா என்று கேட்டேன்.

பெரியவர் டப்பாவுக்குள் பார்த்தார். நெளிந்த காசை எடுத்துவிட்டு வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையை மெல்ல இரு பக்கமும் ஆட்டினார்.

"வேண்டாமுங்க" என்றார் பெரியவர். "நீங்க போனா மறுக்காவும் மொதல்ல இருந்து ஆரம்பிக்குமுங்க. இப்பத்தான் மோட்டார் ரூம் சாவி ஒண்ணு எங்களுக்குக் குடுத்திருக்கறாங்க. எங்கூட்டுச் சமாச்சாரம், அது பாட்டுக்குக் கெடக்கட்டுமுங்க."

நான் அவரிடம் இரண்டு தடவை அனுமதி கேட்டிருக்கிறேன். சரிங்க என்று சொல்லி டப்பாவை மூடினேன். லாடத்தை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். படல் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். நான் வெளியே வந்ததும், உள்ளேயிருந்து அவரே அதை இழுத்துச் சாத்திக் கயிற்றை மாட்டினார்.